மணலும் பதினைந்து பிள்ளைகளும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றொரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அதற்கு அந்தப் பெயர் நம் ஊர்த் திண்ணைப் பள்ளியிலிருந்து போனது. அதை நிறுவப் பணம் வைத்துவிட்டுப் போன ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியைக் கவனித்துவந்தவர். ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர் தமிழரைத்தான் மலபார் என்றார்கள். அந்த முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. இந்தக் கதையை நாம் பெருமைக்காகச் சொல்வதுண்டு. எனக்கு இதில் பெருமையைவிட எச்சரிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது. மணல் கப்பலேறியது, அந்த மணலைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு கப்பலேறவில்லை. களிமண், வண்ணத்தாள், மணிச்சட்டம் என்று மழலையர் வகுப்புகளில் இன்று நாம் கொண்டாடும் ‘செய்து கற்றல்’ தேறுவதும் தோற்பதும் அந்தக் கணக்கில்தான்.

திண்ணையில் நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். தரையில் மணலைப் பரப்பி, உள்ளங்கையால் நிரவி, ஆசிரியர் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத்தை இழுப்பார். பிள்ளை அந்த எழுத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதன்மேல் திரும்பத் திரும்ப விரலை ஓட்டும். கண் பார்ப்பதும் வாய் சொல்வதும் காது கேட்பதும் விரல் உணர்வதும் ஒரே நொடியில் நடந்துவிடும். தப்பினால் ஒரு தடவலில் அழித்துவிடலாம். பாழாக ஓலையும் இல்லை, காகிதமும் இல்லை. கை படிந்த பிறகுதான் எழுத்தாணியும் ஓலையும் கைக்கு வரும். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. 1623-ல் கர்நாடகத்தின் இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வாலே, சில சிறுவர்கள் மணல் தூவிய தரையில் விரலால் எழுதி, ஒன்றாக ராகம் போட்டுப் பாடிக் கணக்குப் படித்ததை வியந்து எழுதிவைத்திருக்கிறார். பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய சாட்சி இது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826-ல் அவர் தொகுத்துத் தந்த விவரப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் பள்ளி ஒன்றுக்குப் பதினைந்து பேர். சராசரி என்பது சராசரிதான். ஓரிடத்தில் ஐந்து பேரும் வேறோரிடத்தில் நாற்பது பேரும் இருந்திருப்பார்கள். ஆனாலும் பொதுவான உருவம் தெளிவாகவே இருக்கிறது. ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, வெவ்வேறு வயதில் பதினைந்து பிள்ளைகள். ஒருவன் மணலில் இருப்பான், ஒருவன் ஓலையில் இருப்பான், இன்னொருவன் ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி என்று நெல்லிலக்கம் ஒப்பித்துக்கொண்டிருப்பான். எல்லோரும் ஒரே பாடத்தில் ஒரே நாளில் நிற்கவேண்டும் என்ற கட்டாயமே அங்கே எழவில்லை. மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவனின் விரலைப் பிடித்தான். அவன் கைக்குக் கீழே இருந்தது சில பேர்தான்.

பெல் இதில் இரண்டைப் பொறுக்கி எடுத்தார்: மணல், சட்டாம்பிள்ளை. மணல் பாடத்துக்கு அவருடைய உதவி ஆசிரியர் ஒத்துவராததால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், சிறுவன் நடத்திக்காட்டினான். இங்கிலாந்தில் இதே வழியில் போன ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியரைக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று விளம்பரப்படுத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பைசா செலவில் எழுத்தறிவு என்பது அன்றைய தொழிற்புரட்சி இங்கிலாந்துக்குத் தேனாக இனித்தது. அங்கே மணல் ஒரு நீள மேசையில் ஏறியது. சட்டாம்பிள்ளை குரல் கொடுத்ததும் வரிசை முழுவதும் ஒரே எழுத்தை எழுதவேண்டும். அடுத்த குரலுக்கு வரிசை முழுவதும் அதை அழிக்கவேண்டும். அதே மணல், அதே விரல். ஆனால் இது கவாத்து. கருவி மாறாமலே கல்வி மாறிப்போனதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திண்ணையை இப்படிப் புகழலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அங்கே படைப்பு எங்கே இருந்தது? நெட்டுருதான் இருந்தது. குட்டும் பிரம்பும் இருந்தன. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. மன்றோ கணக்கின் 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் திண்ணையின் படியேறவே வழியில்லை. இதில் எதையும் மறைக்கவேண்டியதில்லை. பதினைந்து என்ற எண்ணுக்குப் பின்னால் உள்ளே விடப்படாதவர்களும் நிற்கிறார்கள். திண்ணையை மீட்டெடுக்கச் சொல்வது என் நோக்கமல்ல. அதில் கெட்டது எதுவோ அது சமூகத்திலிருந்து வந்தது, நல்லது எதுவோ அது அமைப்பிலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். பெல் பிரித்தெடுத்தபோது சிக்கனத்தை எடுத்துக்கொண்டு நெருக்கத்தை விட்டுவிட்டார். நாம் பிரிக்கும்போது நெருக்கத்தை எடுத்துக்கொள்ளலாமே.

சிறு எண்ணிக்கை அவசியமில்லை என்ற இன்னும் கடுமையான மறுப்பு, கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் பெயரால் வரும். 1907-ல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் திறந்த முதல் குழந்தைகள் இல்லத்தில் ஐம்பதை ஒட்டிய பிள்ளைகள் இருந்தார்கள். 1939-ல் அடையாறுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தபோதும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியபோதும் சிறு எண்ணிக்கைதான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய உப்புத்தாள் எழுத்துகள் திண்ணை மணலுக்குத் தூரத்து உறவுபோலத் தோன்றும். ஆனால் அவர் அதை இங்கே பார்த்து எடுக்கவில்லை. இட்டார், செகேன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் வேலையிலிருந்து வளர்த்தெடுத்தார். அவர் வகுப்பில் ஐம்பது பேர் இருந்தும் கவாத்து இல்லாமல் போனது எப்படி? ஒவ்வொரு கருவியும் அறைக்கு ஒன்றுதான். ஆகவே ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யவே முடியாது. அதோடு, விரல் எழுத்தை விட்டு விலகினால் சொரசொரப்பு போய் வழவழப்பு தட்டும். பிழையைக் கருவியே சொல்லிவிடும். ஆசிரியரின் கண் செய்யவேண்டிய வேலையில் பாதியை அட்டை செய்துவிடுகிறது.

இங்கேதான் என் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. சட்டாம்பிள்ளையும் தானே திருத்தும் கருவியும் கைகொடுப்பது சரி, தவறு என்று விடை உள்ள பாடங்களில். ‘அ’ என்பதற்கு ஒரு வடிவம் உண்டு. எட்டு வயதுப் பையன் அதைத் திருத்திவிடுவான். ஆனால் ஒரு குழந்தை களிமண்ணில் குதிரை பிடிக்கிறது என்று வையுங்கள். மூன்று காலோடு நிற்கும் அந்தக் குதிரை தவறா? நாலாவது கால் மறந்துபோனதா, மண் தீர்ந்துபோனதா, அல்லது அது நொண்டிக்குதிரை என்று ஒரு கதையே மனதில் ஓடுகிறதா? இதை எந்த அட்டையும் சொல்லாது, சட்டாம்பிள்ளைக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு பெரியவர் வேண்டும். நாற்பது பேர் இருந்தால் அவர் கேட்கமாட்டார், கேட்க நேரமிராது. அப்போது எல்லோருக்கும் ஒரே குதிரைப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வார். அது லங்காஸ்டரின் மணல் மேசையேதான். மணலுக்குப் பதில் மெழுகுப் பென்சில்.

சிறு குழுவெல்லாம் பணக்காரப் பள்ளிக்குத்தான் கட்டும் என்பார்கள். செலவு உண்மைதான். ஆனால் ஏழைப் பிள்ளைகளின் பள்ளியிலேயே இதற்கு ஒரு பாதி விடை கிடைத்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன செயல்வழிக் கற்றல், வகுப்பை ஆறு குழுக்களாக உடைத்துப் பாயில் உட்காரவைத்தது. அட்டைகளோடு பிள்ளைகள் தத்தம் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறினார்கள். கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கிவந்தது. அவர்கள் வரைந்தவை கம்பிப் பந்தலில் தொங்கின. சில குழுக்களுக்கு ஆசிரியர் துணை, சிலவற்றுக்குத் தோழர் துணை, ஒன்று தானே இயங்கும். விடை உள்ள வேலைகளை அட்டைக்கும் தோழனுக்கும் விட்டுவிட்டு ஆசிரியர் ஒரு குழுவோடு தரையில் உட்கார இது இடம் கொடுத்தது. ஆசிரியர் பற்றாக்குறை இருந்த இடங்களில் அட்டை நிரப்புவதே வேலையாகிப்போனது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறையும் என் பக்கத்துச் சாட்சிதான்.

ஆகவே களிமண்ணும் வண்ணமும் வாங்கிவைத்துவிட்டோம் என்று ஒரு பள்ளி சொன்னால், அடுத்த கேள்வி ஒன்றுதான்: ஒரு பெரியவரைச் சுற்றி எத்தனை பேர்? மன்றோவின் கணக்குப்படி 1826-ல் அதற்கு விடை பதினைந்து. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வைத்திருக்கும் அளவு, முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்.