மசக்கை

கருவுற்ற தொடக்க மாதங்களில் பெண்ணுக்கு உண்டாகும் குமட்டல், வாந்தி, வாடை ஒவ்வாமை, சில உணவுகளின் மேல் வெறுப்பு, சிலவற்றின் மேல் அடங்காத ஆசை ஆகியவை மசக்கை எனப்படும். பழைய நூல்கள் வயா, வயவு என்னும். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வரும். நாள் தள்ளிப்போன ஓரிரு வாரத்தில் தலைகாட்டி, 9ஆம் வார வாக்கில் உச்சத்தை எட்டும். சிறுநீர்ச் சோதனை அட்டை மருந்துக்கடைக்கு வருமுன், தாளிக்கும் வாடைக்கே கொல்லைப்பக்கம் ஓடும் மருமகளை வைத்துத்தான் மாமியார்கள் விஷயத்தை ஊகித்தார்கள்.

சங்கப் பாடல்கள் இதை நுட்பமாகக் கவனித்திருக்கின்றன. புறநானூறு 20இல் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். வேந்தனைப் புகழும் பாட்டில் எடுத்தாளும் அளவுக்கு மண் தின்பது எல்லாரும் அறிந்த செய்தி. அதை இழிவாக எண்ணியதாகத் தெரியவில்லை. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் முகந்து மலை நோக்கி எழும் கார்மேகத்துக்கு, பன்னிரண்டு திங்கள் சுமந்து நடை தளர்ந்து பச்சைப்புளிக்கு ஏங்கும் மகளிரை உவமையாக்குகிறார். புளிப்பாசைக்குச் சான்று இவ்வளவு பழையது. ஆனால் அவர் காட்டுவது நிறைசூல். குமட்டலும் வாந்தியும் பெரும்பாலோருக்கு 16 வாரத்துக்குள் தணிந்துவிடும்.

மண்ணாசை இன்றும் போய்விடவில்லை. சாம்பல், அடுப்புக்கரி, திருநீறு, பச்சரிசி, பள்ளிப் பிள்ளைகளின் பலப்பம் வரை பட்டியல் நீளும். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இது அதிகம். மண்ணில் குடற்புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம். ஆசைக்குக் கற்பூரத்தைக் கடிப்போரும் உண்டு, அது நஞ்சு. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அந்த அச்சத்தால் கர்ப்பிணிக்கு நாலு நல்ல பண்டம் கிடைத்தது என்றால் லாபம்தான்.

கடும் வாந்தியை மனக்கோளாறு என்று மருத்துவர்களே நெடுங்காலம் ஒதுக்கினர். அது தவறு. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனே முக்கியக் காரணம் என்றும், கருவுறுமுன் அது உடலில் குறைவாக இருந்த பெண்களை அதிகம் வாட்டுகிறது என்றும் 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961இல் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்தன. கர்ப்பிணிக்கு மருந்தென்றாலே தயங்கும் வழக்கம் அதன்பின் வலுத்தது.

இன்று பைரிடாக்சின், டாக்சிலமின் மாத்திரைகள் தரப்படுகின்றன; இஞ்சியும் சற்றுக் கேட்கும். வயிற்றைக் காயவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் அவசியம். தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் பெறலாம்.