மெழுகு ஏற்றிய முகங்கள்

1899-இல் வியன்னா அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞருக்கு, அவற்றின் வடிவம் வருவதற்காக, வாசலின் என்ற மென்மையான பெட்ரோலிய மெழுகை ஊசியால் விரைப்பையில் ஏற்றினார். கத்தியில்லை, பெரிய தழும்பில்லை. விரைவிலேயே சிஃபிலிஸால் குழிந்த மூக்குகளுக்கும், பிறகு வெறும் சுருக்கங்களுக்கும் இதே முறை பரவியது. கேடு தாமதமாக வந்தது. மெழுகு இடம் நகர்ந்தது. பாரஃபினோமா என்ற கட்டிகள் இறுகின. தோல் சிவந்து, புண்ணாகி உடைந்தது. மெழுகு ரத்தக் குழாயை அடைத்தபோது சிலருக்குப் பார்வையே போனது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய கிளாடிஸ் டீக்கனின் மூக்கில் ஏற்றிய மெழுகு தாடைக்கு இறங்கியது.

அறியாமைதான் காரணம் என்பது பாதி உண்மையே. சில ஆண்டுகளிலேயே மருத்துவ இதழ்கள் எச்சரித்தன. ஆனால் அழகு அன்றே தெரிந்தது, கட்டி ஆண்டுகள் கழித்து வந்தது. இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடந்தது. குற்றம் பொருளின்மேல் விழுந்தது, முறையின்மேல் விழவில்லை. எனவே வாசலினுக்குப் பதில் கெட்டியான பாரஃபின், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவ சிலிக்கோன் என்று பொருள்தான் மாறியது. இன்று முகத்தில் ஏற்றும் ஹயலுரோனிக் அமிலத்தை நொதி செலுத்திக் கரைக்கலாமே என்பார்கள். நியாயமான பதில்தான், மெழுகுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ரத்த ஓட்டம் தடைபட்டு இறந்துபோன தோலை அந்த நொதி மீட்காது. சுத்தமற்ற ஊசியோடு உள்ளே போகும் கிருமி, ஏற்றிய பொருளின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, மாதங்கள் கழித்தும் சீழ்க்கட்டியாகக் கிளம்பலாம்.