பவனி நிலைக்க ஒரு மண் வேண்டும்

இந்த வாரக் கருத்துக்களத்தில் மலாக்கா போர்த்துகீசியர்களின் திருவிழாப் பவனியைப் பற்றிப் பேசுவோம். "அவர்கள் திருவிழாவில் நமக்கென்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது.

1511இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். 130 ஆண்டுகளுக்குப் பின், 1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை விழுந்தது. ஆட்சி போனது, ஆனால் உள்ளூர்ப் பெண்களை மணந்து வேரூன்றிய குடும்பங்கள் போகவில்லை. மறைவாக ஜெபித்து விசுவாசத்தைக் காத்தன. கெடுபிடி தளர்ந்த பிறகு, 1710இல் எழுந்ததுதான் புனித பீட்டர் தேவாலயம். இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்க ஆலயங்களில், நாட்டிலேயே மிகப் பழையது இதுதான். பெரிய வெள்ளியன்று இங்கே இறந்த இயேசுவின் ஆளுயரச் சுரூபத்தைச் சுமந்து, மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி வருகிறார்கள்.

ஜூன் 29இல் உஜோங் பாசீரில் சான் பெட்ரோ விழா. பேதுரு மீனவர் அல்லவா? மீனவர்கள் படகுகளை அலங்கரிப்பார்கள். பாதிரியார் மந்திரித்து ஆசீர்வதிப்பார். பொடி இறால் பிடித்து, சிஞ்சாலோக்கும் பெலாச்சானும் செய்து பிழைத்த சமூகத்தின் நன்றிக்கடன் அது.

சிதறிக் கிடந்த இந்த ஏழை மீனவர்கள் ஒன்றுகூடியது எப்படி? 1930களில் இரண்டு பாதிரியார்கள், ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் போர்த்துகீசியர், அரசாங்கத்திடம் விடாமல் முயன்றார்கள். கடலோரத்தில் ஏறத்தாழ 28 ஏக்கர் சதுப்பு நிலம் கிடைத்தது. அதுவே போர்த்துகீசியர் குடியிருப்பு. தெரு உண்டானதால் பவனிக்கு வழி உண்டானது.

நம் கதைக்கு வருவோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் இருந்தாள். ஆண்டுதோறும் திருவிழா நடந்தது. ஆனால் மண் தோட்ட நிர்வாகத்துடையது. தோட்டம் விலைபோனபோது லயமும் போனது. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். எத்தனையோ கோயில்களில் அதோடு திருவிழாவும் நின்றது. மாறாக, மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிலைத்திருக்கிறது.

போர்த்துகீசியர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. கடலைத் தூர்த்ததால் மீன்பிடித் தொழில் நலிந்தது. அவர்களின் கிறிஸ்தாங் மொழியும் அழியும் நிலையில் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் விழாவுக்கு வீடு திரும்புகிறார்கள், திரும்ப ஓர் இடம் இருப்பதால்.

பக்தி நம்மிடம் குறையவில்லை நேயர்களே. உங்கள் ஊர்க் கோயிலின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? அடுத்த திருவிழாக் கூட்டத்தில், வாணவேடிக்கைச் செலவைப் பேசும் முன் இதைக் கேளுங்கள்.