முளை கட்டியவர்கள்

மதுவைப் பற்றிய நம் பேச்சில் பெண்ணுக்கு இரண்டே இடங்கள்தான்: குடிகாரனின் மனைவி, இல்லையென்றால் கடையை மூடச் சொல்லிப் போராடுகிறவள். இரண்டும் உண்மை. ஆனால் மதுவை ஆக்கியவள் எங்கே போனாள்? இந்தக் கேள்வியோடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தபோது இரண்டு தடங்கள் கிடைத்தன.

ஒன்று, ஸ்காட்லாந்தின் ஐலா தீவில். அங்கே 1815இல் தொடங்கிய லஃப்ரோய்க் ஆலையின் சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு மருந்துக்கடை வாசம்: அயோடின், கடற்பாசி, புகை. மால்ட் என்பது ஊறவைத்து முளைகட்டிய பார்லி. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் கட்டிகளை எரித்து, அந்தப் புகையில் முளையை உலர்த்துவதால் வரும் குணம் அது. 1934இல் மூன்று மாதத் தட்டச்சு வேலைக்காக அங்கே போனவர் பெஸ்ஸி வில்லியம்சன், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பட்டதாரி. உரிமையாளர் இயன் ஹன்டர் பக்கவாதத்தில் விழுந்தபின் நிர்வாகம் படிப்படியாக அவர் கைக்கு வந்தது. 1954இல் ஹன்டர் இறந்தபோது ஆலையை அவருக்கே எழுதிவைத்திருந்தார். அறுபதுகளில் பங்குகளை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றாலும், 1972 வரை பெஸ்ஸி பொறுப்பில் இருந்தார்.

இன்னொரு தடம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கோட்டூர்புரம் அடங்கிய தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, கள் ஆக்கும் முறையை விவரிக்கிறது. உரையின் துணையோடு படித்தால் அது இப்படி: குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுவது. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். ஐலாவில் பார்லிக்கு நடப்பதும் அதுவே. கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் நம் அம்மாக்களும் அறிந்த வித்தை.

அதே நூலில் இன்னோரிடத்தில், கலம் கழுவிய நீர் தேங்கிய சேற்றில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. புலவரின் கண் பன்றிகள்மேல். ஆனால் கலம் கழுவியவர்கள் கள் சமைக்கும் மகளிர் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

மது நல்லதா என்பது வேறு கேள்வி. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்; லாபம் கஜானாவுக்கு, கடன் வீட்டுக்கு. தொழிலறிவு பெண்ணிடம் இருந்ததை மறந்துவிட்டு, அதன் கேட்டை மட்டும் அவள் தலையில் கட்டியிருக்கிறோம். பெஸ்ஸியின் பெயர் நிலைக்க ஓர் உயில் இருந்தது. தொண்டை நாட்டுப் பெண்களுக்கு மிஞ்சியது, பெயரில்லாத ஒரு வரியும் கலம் கழுவிய நீரும்தான்.