மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம்: படிவம் கடைசி வேலை, வழிகாட்டியே முதல் வேலை

புக்கிட் தெங்கா – பட்டம் பெற்ற பிள்ளை முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க விரும்பினால், வீட்டில் எழும் முதல் கேள்வி "பணத்துக்கு என்ன வழி?" என்பதுதான். பிடிபிடிஎன் கடன் ஒரு பக்கம், பிறை தொழிற்சாலையில் காத்திருக்கும் வேலை மறுபக்கம். ஆனால் கட்டணத்தோடு மாதப் படியும் தரும் உபகாரச் சம்பளங்கள் உள்ளன. மதிப்பெண் குறைவால் மட்டுமல்ல, தாமதமாகத் தொடங்குவதாலும் அவை கைநழுவிப் போகின்றன. படிப்பு தொடங்க ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில் வழிகாட்டி

மலேசியப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு மூன்று வகை: பாடமுறை, ஆய்வுமுறை, இரண்டும் கலந்த முறை. மாதப் படி பெரும்பாலும் முழுநேர ஆய்வு மாணவர்களுக்கே கிடைக்கும். ஆய்வு மானியம் பெற்ற விரிவுரையாளர்கள், அதிலிருந்தே ஆய்வு உதவியாளர்களுக்குப் படி கொடுப்பதும் உண்டு. இத்தகைய வாய்ப்புகள் எல்லாம் விளம்பரத்தில் வருவதில்லை. மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும்.

இவ்வட்டாரத்தினருக்கு யுஎஸ்எம் அருகிலேயே உள்ளது. 1969-இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் தீவில் கெலுகோரிலும், பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலும் உள்ளன. தமிழாய்வு செய்ய விரும்புவோர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை அணுகலாம்.

மின்னஞ்சலில் ஆய்வுத் தலைப்பு தெளிவாக இருக்க வேண்டும். "ஆற்றுத் தூய்மைக்கேடு" என்று எழுதினால் போதாது. ஜூரு ஆற்றின் எந்தப் பகுதி, எந்த உலோகம், எந்த மாதங்கள் என்று குறுக்கி எழுதினால்தான் விரிவுரையாளர் பதில் எழுத இடமிருக்கும்.

வெளிநாடு செல்ல

பிரிட்டனின் செவனிங், ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் விண்ணப்பங்களை, 1963-இல் அமைக்கப்பட்ட மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் கவனிக்கிறது. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் உதவிக்கு வயது வரம்பு உண்டு. தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அறிவியல், பொறியியல் முனைவர் படிப்புக்குச் சிங்கப்பூரின் சிங்கா உண்டு.

தயாராக வைக்க வேண்டியவை

• சான்றளிக்கப்பட்ட பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்.
• இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். கற்பித்த விரிவுரையாளரிடம் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்பே கேட்கவும். உங்கள் ஆய்வுக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பவும்.
• ஆங்கிலத் தேர்வு முடிவு. ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும்.
• ஆய்வு முன்மொழிவு, தன்விளக்கக் கட்டுரை. குடும்ப வறுமையை மட்டும் எழுதினால் போதாது. அந்தச் சூழலிலும் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையே தேர்வுக்குழு தேடும்.

கையெழுத்திடும் முன்

எம்ஐஇடி போன்ற அமைப்புகள் தருவது கல்விக் கடன். அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உபகாரச் சம்பளத்திலும் சிலவற்றுக்குப் பணி ஒப்பந்தமும் ஜாமீனும் உண்டு. பாதியில் நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஜாமீன் கையெழுத்திடும் பெற்றோரும் உறவினரும் நிபந்தனைகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. படி பெறும் காலத்தில் முழுநேர வேலைக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்க்கவும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு இருந்தால், இதை முன்பே பேசி முடிவு செய்வது நல்லது.

பிடிபிடிஎன் கடன் உள்ளவர்கள், மேற்படிப்புக் காலத்தில் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்ச்சி பெற்றவர்கள், கடன் விலக்குக்குத் தகுதி உள்ளதா என விசாரிக்கவும். இவை தானாக நடப்பதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் சரிபார்க்கவும். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.