தண்டுவடம்: கைவிடப்பட்ட நோயும் கூட்டு மருத்துவமும்

கழுத்தெலும்பு பிறழ்ந்து கைகால் உணர்விழந்தவரை மருத்துவத்திற்கு அப்பாற்பட்டவர் என ஒதுக்கிற்று, எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடி. அது படியெடுக்கப்பட்டு ஏறத்தாழ 3600 ஆண்டுகள் ஆகின்றன. குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு 1013), ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30ஆம் பகுதியில், விலகிய முள்ளெலும்பை இழுத்துப் பொருத்தும் முறையை விவரித்தார். எலும்பைப் பொருத்தலாம், அறுந்த நரம்பை என் செய்வது?

முதிர்ந்தோரின் மைய நரம்புகள் மீள வளரா என்பதே ஸ்பானிய அறிஞர் கஹால் வகுத்த முடிவு. 1981இல் டேவிட், அகுவாயோ இருவரும் எலிகளில் புறநரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது, மைய நரம்பிழைகள் அதனுள் வளர்ந்தன. குறை நரம்பில் மட்டுமன்று, அதன் சூழலிலும் உண்டெனத் தெளிவாயிற்று.

உயிரணு இழப்பு, வடு, இடைவெளி எனத் தடைகள் பலவாதலின் ஒரு மருந்து போதாது. எனவே 2012இல் சான் டியேகோ ஆய்வாளர்கள் நரம்புக் குருத்தணுக்களை ஃபைப்ரின், வளர்ச்சிக் காரணிகளோடு சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினர். இழைகள் நெடுந்தொலைவு வளர்ந்தன. நடையும் சீரடைந்ததாக அறிவித்தனர். 2014இல் அதனை மீளச் செய்த மற்றொரு குழுவினர் நடையில் முன்னேற்றம் காணவில்லை.

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் குருத்தணுச் சிகிச்சையுடன் உடற்பயிற்சியையும் இணைத்தது. நால்வரில் இருவர் முன்னேறியதாக 2025இல் அறிவித்தது. நால்வர் சிறு எண்ணிக்கையே. முடங்கியோரிடம் பொய் நம்பிக்கையை விற்பதும், அவர்களை முற்றாகக் கைவிடுவதும் ஒருங்கே தவறென்பதை இவ்வரலாற்றில் நாம் காண்கிறோம்.