சுடுகாட்டு மல்லியும் 25 இலைகளும்

நித்யகல்யாணிக்கு இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. தண்ணீர் ஊத்தாவிட்டாலும் பூக்கும், ஆடு வாய் வைக்காது. சொந்த ஊர் மடகாஸ்கர். கப்பலேறிப் போன பல ஊர்களில் 'சர்க்கரைக்கு நல்லது' என்ற பேச்சும் கூடவே ஒட்டிக்கொண்டது.

1952-ல் ஜமைக்காவிலிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அங்கே சர்க்கரை நோயாளிகள் இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்களாம். கிளார்க், காசு சுண்டித் தோற்றதால் இன்சுலின் கண்டுபிடிப்பில் இடம் தவறியவர் என்பார்கள். இலைகளைத் தம்பி ராபர்ட்டிடம் தள்ளிவிட்டார்.

ராபர்ட் எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினால் எலிகள் தொற்று கண்டு செத்தன. பார்த்தால், வெள்ளணுக்கள் சரிந்திருக்கின்றன. வேறொருவர் அத்தோடு ஏறக்கட்டியிருப்பார். ஆனால் வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப்புற்று? அவரோடு வேலைசெய்த சார்லஸ் பீர் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். எலி லில்லி நிறுவனமும் சர்க்கரைக்கு மருந்து தேடப்போய் இங்கேதான் வந்து நின்றது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டின், 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது.

பாட்டி வைத்தியம் ஜெயித்த கதை என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்க. எலிகளை வீழ்த்திய அதே வேலையைத்தான் அந்த மருந்தும் செய்கிறது. மருத்துவர் அளவும் நாளும் எண்ணி ஏற்றுகிறார். வெறும் வயிற்றில் இலையை மெல்லுகிறவருக்கு அந்த எண்ணிக்கை ஏது?